துப்பாக்கி புதுசு, விரல் பழசு! பிஸ்டலை மாற்றினால் விபத்து கூடுவது ஏன்? அமெரிக்க அனுபவம் சொல்வது என்ன?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி ஷெரீஃப் துறையில் 2012-ல் போலீசாரின் கைத்துப்பாக்கி தவறுதலாக வெடித்த சம்பவங்கள் 12. இரண்டே ஆண்டுகளில், அதாவது 2014-ல், அது 30 ஆனது. சுட்டவர்கள் யாரும் புதிதாகத் துப்பாக்கியைத் தொட்டவர்கள் இல்லை. பயிற்சி முடித்து, வருடக்கணக்கில் இடுப்பில் துப்பாக்கியோடு ரோந்து போனவர்கள்தான் பலரும்.

அப்புறம் எப்படி? இந்த இடைவெளியில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. இடுப்பில் இருந்த துப்பாக்கி மாறியிருந்தது.

பல ஆண்டுகளாக பெரெட்டா 92எஃப் பிஸ்டலை வைத்திருந்த அந்தத் துறை, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் எம் அண்ட் பி பிஸ்டலுக்கு மாறியது. புதியது இலகுவானது, சின்ன கை உள்ளவர்களுக்கும் பிடிக்க வசதியானது, குறி பார்த்துச் சுடவும் எளிது. எல்லா வகையிலும் நல்ல துப்பாக்கி என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் தவறுதலாக வெடிப்பது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போனது. கவுண்டியின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2015-ல் இதற்காகவே தனி அறிக்கை வெளியிட்டது.

அமெரிக்காவில் இது போலீஸ் பிரச்னை மட்டும் இல்லை. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே இல்லாமல் சாதாரண மக்கள் சட்டைக்கு உள்ளே பிஸ்டல் வைத்துக்கொண்டு நடமாடலாம். செல்போன் மாற்றுவது போல துப்பாக்கி மாடலை மாற்றுகிறவர்களும் அங்கே உண்டு. அப்படி மாற்றும்போது என்ன நடக்கிறது, என்னென்ன பழக்கங்களை மாற்ற வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள்? பார்க்கலாம்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது புரியும்

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் கியர் வலது காலில் இருக்கும், பிரேக் இடது காலில் இருக்கும். அதையே இருபது வருஷம் ஓட்டிய ஒருவர் திடீரென இன்றைய பைக்கில் ஏறினால் என்ன ஆகும்? சாதாரணமாக ஓட்டும்போது ஒன்றும் ஆகாது. யோசித்து யோசித்து சரியாகவே ஓட்டுவார். குறுக்கே ஒரு நாய் ஓடி வந்தால்தான் பிரச்னை. அந்த நொடியில் மூளை யோசிக்காது, கால் தானாகப் போய் பழைய இடத்தை மிதிக்கும். பிரேக் என்று நினைத்து மிதித்தது கியராக இருக்கும்.

துப்பாக்கியிலும் அதே கதைதான். மைதானத்தில் பொறுமையாகச் சுடும்போது புது மாடல் சீக்கிரம் பழகிவிடும். பதற்றத்தில் கை பழைய துப்பாக்கியைத்தான் தேடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம்மூரில் சொல்வது இந்த விஷயத்தில் கொஞ்சம் பயமுறுத்தும் அளவுக்குப் பொருந்துகிறது.

லாஸ் ஏஞ்சலிஸில் உண்மையில் என்ன மாறியது?

இரண்டு துப்பாக்கிக்கும் உள்ள வித்தியாசம் ட்ரிகரில் இருந்தது.

பெரெட்டா 92எஃப்-ல் முதல் தோட்டாவைச் சுட, ட்ரிகரை நீளமாக, அழுத்தமாக இழுக்க வேண்டும். அந்த ஒரே இழுப்பில் பின்னால் இருக்கும் சுத்தியல் பின்வாங்கி, பிறகு முன்னால் போய் அடிக்கும். இதற்குத் தேவைப்படும் விசை சுமார் 12 பவுண்டு, அதாவது ஐந்து கிலோவுக்கு மேல். போதாததற்கு ஒரு சேஃப்டி லீவரும் உண்டு.

எம் அண்ட் பி-யில் வெளியே தெரிகிற சுத்தியல் கிடையாது. அந்தத் துறைக்குக் கொடுக்கப்பட்ட மாடலில் கையால் தள்ளும் சேஃப்டியும் கிடையாது. ட்ரிகரின் விசை ஆறரை பவுண்டு அளவுதான், இழுக்க வேண்டிய தூரமும் குறைவு. முதல் தோட்டாவுக்கும் கடைசித் தோட்டாவுக்கும் ஒரே விசை.

இப்போது யோசித்துப் பாருங்கள். பெரெட்டாவோடு வளர்ந்த ஒரு டெபுட்டி, இருட்டு வீட்டுக்குள் போகும்போது விரலை லேசாக ட்ரிகர் மேல் வைத்துக்கொண்டே நடந்திருக்கலாம். பயிற்சி விதிப்படி அது அன்றைக்கும் தவறுதான். ஆனால் அந்த நீண்ட, கனமான இழுப்பு அவருடைய தவறை மன்னித்துக்கொண்டே இருந்தது. தடுக்கி விழுந்தாலும், திடுக்கிட்டாலும் ஐந்து கிலோ விசை தற்செயலாக விழுந்துவிடாது. புதிய துப்பாக்கி அந்த மன்னிப்பைக் கொடுக்கவில்லை. அவர் புதிதாக எந்தத் தவறும் செய்யவில்லை, பழைய தவறையே புது துப்பாக்கியில் செய்தார்.

இன்னொரு காரணம் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. டார்ச் லைட்!

புதிய பிஸ்டலின் குழலுக்குக் கீழே டார்ச் பொருத்தும் வசதி இருந்தது. அதை எரியவைக்கும் சுவிட்ச், ட்ரிகர் வளையத்துக்குக் கீழே, கைப்பிடியின் முன்பக்கத்தில் வரும். நடுவிரலால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளிச்சம் வரும். ஆனால் மனிதக் கையின் அமைப்பு அப்படி. பதற்றத்தில் ஒரு விரலை மட்டும் தனியாக மடக்கச் சொன்னால் பக்கத்து விரலும் சேர்ந்தே மடங்கும். உங்கள் மோதிர விரலை மட்டும் உள்ளங்கையைத் தொடும்படி மடக்கிப் பாருங்கள், சுண்டுவிரலும் கூடவே வரும். நடுவிரலை அழுத்தும்போது ஆள்காட்டி விரல் ட்ரிகர் மேல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சம் வேண்டும் என்று அழுத்திய பல டெபுட்டிகளுக்கு வந்தது தோட்டாதான்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். துப்பாக்கி கோளாறு இல்லாமல், சொன்ன வேலையைச் சரியாகவே செய்தது. ட்ரிகர் இழுக்கப்பட்டது, சுட்டது. அதனால்தான் பழியைத் தூக்கி கம்பெனி மேல் போட முடியவில்லை. விஷயம் மீண்டும் பயிற்சிக்கே வந்து நின்றது.

இது முதல் முறையும் இல்லை

1980-களின் கடைசியில் அமெரிக்க போலீஸ் துறைகள் வரிசையாக ரிவால்வரை விட்டுவிட்டு பிஸ்டலுக்கு மாறின. ஆறு தோட்டா ரிவால்வரோடு போகும் போலீசை, பதினேழு தோட்டா பிஸ்டலோடு வரும் கடத்தல்காரன் எதிர்கொண்ட காலம் அது. தலைநகர் வாஷிங்டன் போலீஸ், ஆஸ்திரியாவின் க்ளாக் 17 பிஸ்டலை எடுத்தது.

அடுத்த பத்து ஆண்டுகளில் அங்கே 120-க்கும் மேற்பட்ட முறை துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்று 1998-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் விசாரித்து எழுதியது. க்ளாக்கில் கையால் தள்ளும் சேஃப்டி கிடையாது. ட்ரிகர் நடுவிலேயே ஒரு சின்ன லீவர் இருக்கும், விரல் பட்டால் அதுவும் சேர்ந்து விலகிவிடும். ரிவால்வரின் கனமான ட்ரிகரில் பழகியவர்களுக்கு இது முற்றிலும் வேறு உலகம். காலமுறைப்படி மைதானத்துக்கு வந்து சுட்டுப் பழக வேண்டிய போலீசார் பலர் வரவே இல்லை என்பதும் அந்தச் செய்தியில் வெளிச்சத்துக்கு வந்தது.

மேலே தள்ளினால் சேஃப்... இல்லை, கீழே தள்ளினாலா?

ட்ரிகர் ஒரு பக்கம். சேஃப்டி லீவர் இன்னொரு தலைவலி. எல்லா துப்பாக்கியிலும் அது ஒரே திசையில் வேலை செய்யாது என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்க ராணுவத்தின் கதையே இதற்கு நல்ல உதாரணம். 1911 என்ற பெயருள்ள பிஸ்டலை அவர்கள் முக்கால் நூற்றாண்டு வைத்திருந்தார்கள். அதில் கட்டைவிரலால் லீவரைக் கீழே தள்ளினால் சுடத் தயார். 1985-ல் பெரெட்டாவின் எம்9 வந்தது. அதில் லீவர் மேலே ஸ்லைடில் இருக்கும், கீழே தள்ளினால் சேஃப். அதாவது நேர் எதிர்! 2017-ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலைத் தேர்ந்தெடுத்து எம்17 என்று பெயர் வைத்தார்கள். அதில் மறுபடியும் கீழே தள்ளினால் சுடத் தயார்.

ஒரே ராணுவம், ஒரே கட்டைவிரல், இரண்டு தடவை தலைகீழ்.

இதில் இரண்டு வகை ஆபத்து இருக்கிறது. சேஃப் என்று நினைத்துத் தள்ளியது சுடும் நிலைக்குப் போகலாம். இல்லையென்றால், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ட்ரிகரை இழுத்து இழுத்துப் பார்த்தும் ஒன்றும் நடக்காமல் நிற்கலாம். சேஃப்டியே இல்லாத துப்பாக்கியிலிருந்து சேஃப்டி உள்ள துப்பாக்கிக்கு மாறுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் அதிகம். அதனால்தான் உறையிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் அந்த லீவரைத் தொட்டே ஆக வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துகிறார்கள், லீவர் ஏற்கெனவே சரியான நிலையில் இருந்தாலும் கூட.

"காலிதான் சார்" என்று சொன்ன பிறகு வெடிப்பது எப்படி?

தவறுதலாகச் சுட்டுக்கொண்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், காலி என்று நினைத்தேன் என்பதுதான். 2004-ல் ஆர்லாண்டோவில் அமெரிக்க போதைப்பொருள் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர், குழந்தைகளும் இருந்த கூட்டத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். தன் பிஸ்டல் காலி என்று காட்டினார். சில விநாடிகளில் அது வெடித்து அவர் தொடையிலேயே தோட்டா பாய்ந்தது. அந்த வீடியோ இன்றைக்கும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பிஸ்டலில் தோட்டா இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, கைப்பிடிக்குள் நுழையும் மேகசின். இன்னொன்று, குழலின் பின்முனையில் இருக்கும் சேம்பர். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று சினிமா நம்மை நம்பவைத்திருக்கிறது. சேம்பரில் ஒரு தோட்டா அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வரிசையும் முக்கியம். முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுத்து சேம்பரில் உள்ள தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். வரிசை மாறினால், அதாவது முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டு அப்புறம் மேகசினை எடுத்தால், வெளியே விழுந்த தோட்டாவுக்குப் பதிலாக மேகசினிலிருந்து இன்னொன்று ஏறியிருக்கும். பார்க்கிறவருக்குத் தோட்டா வெளியே விழுந்தது தெரியும், மேகசின் கையில் இருப்பது தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. கடைசியாக சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். இருட்டிலும் ஏமாற்றாதது விரல்தான்.

மாடல் மாறும்போது இந்த ஆபத்து ஏன் கூடுகிறது? சில பிஸ்டல்களில் மேகசின் வெளியே இருந்தால் ட்ரிகரை இழுத்தாலும் சுடாது. பிரவுனிங் ஹை பவர் அப்படிப்பட்டது. க்ளாக் அப்படி இல்லை, மேகசின் இல்லாவிட்டாலும் சேம்பரில் உள்ளதைச் சுட்டுவிடும். முதல் வகையில் பல வருஷம் பழகிய ஒருவர், மேகசினை எடுத்ததும் நிம்மதியாகிவிடுவார். அந்த நிம்மதியை அவர் இரண்டாவது வகைக்கும் கொண்டு போனால் முடிந்தது கதை.

துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கும்போதும் இதே சிக்கல். க்ளாக்கைப் பிரிக்க, முதலில் ட்ரிகரை ஒரு தடவை இழுத்தாக வேண்டும். அதன் அமைப்பே அப்படி. பெரெட்டாவைப் பிரிக்க ட்ரிகரைத் தொடவே வேண்டாம், எம் அண்ட் பி-யிலும் தொடாமல் பிரிக்க வழி இருக்கிறது. பெரெட்டாவிலிருந்து க்ளாக்குக்கு மாறிய ஒருவர் முதல் முறையாகத் துடைக்க உட்காரும்போது, சமையல் மேஜை மேல் வைத்து ட்ரிகரை இழுக்கிறார் என்று வையுங்கள். சேம்பரைப் பார்த்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. புது துப்பாக்கி வந்ததும் முதலில் கையேட்டைப் படியுங்கள் என்று சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை.

உறையில் போடும்போதுதான் அதிக கவனம்

எடுக்கும்போது வேகம் வேண்டும் என்று எல்லோரும் பழகுகிறார்கள். திரும்ப ஹோல்ஸ்டரில் வைக்கும்போதும் அதே வேகத்தில் சொருகுகிறார்கள். அங்கேதான் தொடையில் தோட்டா பாய்கிறது. சட்டை நுனி, ஜாக்கெட்டின் கயிறு, சில நேரம் சொந்த விரல், இதில் ஏதாவது ஒன்று ட்ரிகர் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால் போதும். உறைக்குள் தள்ளுகிற விசையே ட்ரிகரை இழுத்துவிடும்.

பழைய துப்பாக்கியின் உறையையே புதியதற்கும் வைத்துக்கொள்வது அடுத்த தவறு. பார்க்க உள்ளே போகும், நிற்கவும் செய்யும். ஆனால் ட்ரிகர் முழுசாக மூடாமல் இருக்கலாம், நாள்பட்ட தோல் உறையாக இருந்தால் அதன் வாய் உள்ளே மடிந்து ட்ரிகர் மேல் பட வாய்ப்பு உண்டு. மாடலுக்கு மாடல் தனி உறை என்பதில் பேரமே கிடையாது என்கிறார்கள் அனுபவஸ்தர்கள். காசு பார்த்து உறையை மிச்சம் பிடிப்பது, ஹெல்மெட்டில் மிச்சம் பிடிப்பது மாதிரிதான்.

இன்னும் சில உறைகளில், துப்பாக்கியை விடுவிக்க ஆள்காட்டி விரலால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திய அதே விரல், துப்பாக்கி மேலே வந்ததும் ட்ரிகருக்கு நேராக வந்து நிற்கும். இதனாலேயே இப்படிப்பட்ட உறைகளை அனுமதிக்காத பயிற்சிப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன.

கீழே விழுந்தால் வெடிக்குமா?

இந்தக் கேள்வி நமக்கும் பழக்கமானதுதான். 2024 அக்டோபர் 1-ம் தேதி அதிகாலையில் மும்பையில் பாலிவுட் நடிகர் கோவிந்தா, கொல்கத்தா புறப்படும் நேரத்தில், உரிமம் பெற்ற தன் ரிவால்வரிலிருந்து குண்டு பாய்ந்து காலில் காயமடைந்தார். கை நழுவி விழுந்ததில் வெடித்தது என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது.

நவீன துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில், கீழே விழுந்தாலும் வெடிக்காமல் தடுக்க உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். பழைய ரிவால்வர்கள் பலவற்றில் அது கிடையாது. சுத்தியலுக்கு நேராக உள்ள அறையைக் காலியாக விடும் பழைய வழக்கம் இதனால் வந்ததுதான். நவீன துப்பாக்கி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பி320 பிஸ்டல் சில கோணங்களில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று சோதனைகளில் தெரிந்த பிறகு, 2017 ஆகஸ்டில் சிக் சாவர் நிறுவனம் இலவசமாக உதிரிப் பாகங்களை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதற்குப் பிறகும் அந்த மாடல் மீது வழக்குகள் வந்தன. ட்ரிகரை இழுக்காமல் தங்கள் துப்பாக்கி சுடாது என்பது நிறுவனத்தின் பதில்.

ஆக, பழையதோ புதியதோ, கையிலிருந்து நழுவும் துப்பாக்கியைப் பாய்ந்து பிடிக்கக் கூடாது என்பதுதான் பயிற்சியாளர்களின் பாடம். விழட்டும். பிடிக்கப் போகும் அவசரத்தில் விரல் நேராக ட்ரிகரில்தான் மாட்டும்.

சரி, மாற்றுகிறவர்கள் எப்படிப் பழக வேண்டும்?

அரிசோனாவில் 1976-ல் கன்சைட் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பர் பெயரில் நான்கு விதிகள் உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுகின்றன. எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரம்பியதாகவே நினைக்க வேண்டும். சுட விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பக் கூடாது. கண் குறி மேல் நிற்கும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். குறியையும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நான்கிலும் துப்பாக்கியின் பெயரோ மாடலோ வரவில்லை என்பதைக் கவனியுங்கள். லாஸ் ஏஞ்சலிஸ் டெபுட்டிகளில் மூன்றாவது விதியை பெரெட்டா காலத்திலேயே விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு, ட்ரிகர் லேசானதால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. டார்ச் சுவிட்ச்சும் அவர்களை ஏமாற்றியிருக்காது.

அடுத்தது டிரை ஃபயர். தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது. செலவில்லாதது, வீட்டிலேயே செய்யலாம், புது ட்ரிகரைப் பழக இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் டிவியைச் சுட்டவர்களும் சுவரைத் துளைத்தவர்களும் பெரும்பாலும் இந்தப் பயிற்சியில்தான் சுட்டார்கள்!

அதனால் அதற்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்க வேண்டும், அதே மேஜையின் டிராயரில் இல்லை. சேம்பரையும் மேகசினையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும். தப்பித்தவறி தோட்டா வந்தாலும் தாங்கும் சுவர் பக்கம்தான் குழல் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் அறைப் பக்கம் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் போதும். களைத்தால் கவனம் போய்விடும். முடிந்ததும் "முடிஞ்சது" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். கேட்க சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அதிக விபத்து நடப்பது, பயிற்சி முடிந்து தோட்டாவைத் திரும்ப நிரப்பிய பிறகு, "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை போகும்போதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். பாயிண்ட் 22 ரகத் துப்பாக்கிகள் பலவற்றில் காலி சேம்பரில் அடித்தால் சேம்பரின் விளிம்பு சேதமாகும். போலித் தோட்டா போட்டுத்தான் பழக வேண்டும்.

மைதானத்தில் நிஜத் தோட்டாவோடு சுடும்போது கவனிக்க வேண்டியது வேறு. பெரிய பிஸ்டலிலிருந்து சட்டைக்குள் மறைக்கும் சின்ன பிஸ்டலுக்கு மாறினால், உதை அதிகம், சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமே இருக்காது. கைப்பிடியின் சாய்வு மாறினால், கண்ணை மூடி நீட்டும்போது குழல் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நிற்கும். 1911-லிருந்து க்ளாக்குக்கு மாறுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் புகார் இது, குழல் வானத்தைப் பார்க்கிறது என்று. மேகசினை விடுவிக்கும் பட்டன் சிலவற்றில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், சிலவற்றில் ட்ரிகர் வளையத்தின் ஓரத்தில், ஐரோப்பியப் பழைய மாடல்களில் கைப்பிடியின் அடியில் இருக்கும். இதெல்லாம் கை தானாகப் போகும் வரை, புதியது வீட்டுப் பெட்டியிலும் மைதானத்திலும் மட்டும் இருக்கட்டும், இடுப்பில் பழையதே இருக்கட்டும் என்பது பல பயிற்சியாளர்களின் அறிவுரை. திங்கள்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று சட்டைக்கு மேட்ச்சாக மாற்றுவதை அவர்கள் ரசிப்பதில்லை.

தோட்டா அளவும் மாறுகிறது என்றால் பழைய தோட்டாக்களை அன்றைக்கே தனியாகப் பூட்டிவைக்க வேண்டும். 9 எம்எம் தோட்டா பாயிண்ட் 40 சேம்பருக்குள் எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்காரும். மேஜை மேல் இரண்டும் கலந்து கிடந்தால், அவசரத்தில் நிரப்பும் கைக்கு வித்தியாசம் தெரியாது.

நியூயார்க் கண்டுபிடித்த குறுக்குவழி

ஆளை மாற்றுவது கஷ்டம் என்றால் துப்பாக்கியை மாற்றலாமே? நியூயார்க் போலீஸ் அதைத்தான் செய்தது. 1993-ல் ரிவால்வரிலிருந்து 9 எம்எம் பிஸ்டலுக்கு மாற அனுமதித்தபோது, ரிவால்வரில் பழகிய விரல்களை நம்பாமல், ட்ரிகரை இழுக்கத் தேவையான விசையை 12 பவுண்டாக ஏற்றிவைத்தது. சாதாரண க்ளாக்கில் அது ஐந்தரை பவுண்டுதான். தவறுதலாகச் சுடுவதைத் தடுக்க எளிதான வழி போலத்தான் தெரிந்தது.

ஆனால் கனமான ட்ரிகரை இழுக்கும்போது கை ஆடும், குறி விலகும். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, முன்னாள் சக ஊழியரைக் கொன்றுவிட்டு நடந்து போன ஒருவரை இரண்டு போலீசார் 16 முறை சுட்டார்கள். அவர் இறந்தார். கூடவே தெருவில் போன ஒன்பது பேர் போலீசாரின் தோட்டாக்களாலும் அவற்றின் சிதறல்களாலும் காயமடைந்தார்கள். 12 பவுண்டு ட்ரிகர் மீது அன்றைக்கு எழுந்த விமர்சனம் பிறகு ஓயவே இல்லை.

ரிவால்வர் வைத்திருந்த கடைசி சில போலீசாரும் 2018-ல் பிஸ்டலுக்கு மாறினார்கள். 2021-ல் நியூயார்க் போலீஸ் லேசான ட்ரிகருக்குச் சம்மதித்தது. புதிய பிஸ்டல்களில் விசை ஐந்து பவுண்டு அளவுக்கு இறங்கியது. ஆனால் அவை முதலில் போனது புதிதாகச் சேரும் பயிற்சிக் காவலர்களுக்குத்தான். எந்தத் துப்பாக்கியிலும் இதுவரை பழகாத விரல்கள் அவர்களுடையதுதானே!